அரை அங்குலம் வளர்ந்தவள்

என் நாத்தனாருக்கு வேலை, சும்மா நிற்பது. இதை நான் குத்தலாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஒரு காலத்தில் குத்தலாகத்தான் சொன்னேன், இப்போது உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். சினிமா ஸ்டூடியோவில் நாயகி நிற்க வேண்டிய இடத்தில், அவர் வருவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னாலேயே இவள் போய் நிற்பாள். இவள் முகத்தின் மேல் விளக்குகளை வைத்துப் பார்ப்பார்கள். மூக்கு நிழல் எங்கே விழுகிறது, பாதிக் கன்னம் இருட்டாக இருக்கிறதா, கண்ணுக்குள் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சரி செய்வார்கள். எல்லாம் முடிந்ததும், "ஆச்சும்மா, நீ போ" என்பார்கள். இவள் நகர்ந்துகொள்வாள், நாயகி வந்து நிற்பார், படம் எடுப்பார்கள். இவளை வைத்துச் செய்த வெளிச்சம் படத்தில் வரும். இவள் வரமாட்டாள்.

இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. அதற்கு முன் அந்த ஸ்டூடியோவின் கேன்டீனில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். கல்யாணம் செய்து கொடுத்து, அது ஒத்துவராமல் இரண்டே வருடத்தில் எங்களோடு வந்து சேர்ந்த புதிது. ஒருநாள் விளக்குக்கு நிற்கிற பெண் சூடு தாங்காமல் மயங்கி விழுந்துவிட்டாள். உயரம் சரியாக இருந்ததால் கேன்டீனிலிருந்து இவளைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டரை மணி நேரம் அசையாமல் நின்றாளாம். இடையில் யாரோ தும்மியதற்கு எல்லோரும் திரும்பியபோதுகூட இவள் திரும்பவில்லையாம். அன்றைக்கு வைத்த பெயர்தான் 'சிலை'. வீட்டிலும் இப்போது எங்களுக்கு அவள் சிலைதான். கூடப் பிறந்த அண்ணனே அவள் சொந்தப் பெயரைச் சொல்லி வருடக்கணக்காகிறது.

நான் செருப்புக் கடையில் வேலை பார்க்கிறேன். காலையிலிருந்து மாலை வரை அடுத்தவர் காலைப் பிடித்துக் கும்பிடு போடாத குறை. அப்படி உழைத்துவிட்டு மூன்று மாடி ஏறி வந்தால், "இன்னிக்கு முழுக்க நின்னேன் அண்ணி, ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று ஒருத்தி பூரித்துப்போய்ச் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? "உப்புக்குச் சப்பாணியா நிக்கறதுக்கு இவ்வளவு பெருமையா?" என்று கேட்டேவிட்டேன். கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தேன். சிரித்தாள். என் வாய்க்குக் கோபித்துக்கொள்கிற வழக்கமே அவளிடம் கிடையாது. அதிலேயே எனக்குப் பாதி எரிச்சல்.

அவளுடைய அலமாரியில் கீழ்த்தட்டு முழுக்க ஸ்டூடியோ கொடுத்த ஷூக்கள். ஐந்து நாயகிகளுக்கு ஐந்து ஜோடி. ஒவ்வொரு நாயகியின் கண்ணும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்துக்கு இவளைக் கொண்டுவர ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு ஹீல். பெட்டியின் மேல் பெயர் இருக்காது, அளவு மட்டும் எழுதியிருக்கும். கடையில் ஆயிரம் ஷூ பார்த்தவள் நான். ஆனால் ஐந்து பேராக மாறுவதற்கு ஐந்து ஜோடி வைத்திருப்பவளை வேறெங்கும் பார்த்ததில்லை.

அவளோடு குடியிருந்தால் சும்மா ஒரு பல்பு போட முடியாது. சாப்பாட்டு மேஜைக்கு மேலே இருந்த விளக்கை அவள்தான் கழற்றிச் சுவரோரமாக மாட்டினாள். "தலைக்கு நேரா வெச்சா கண்ணெல்லாம் பள்ளமாத் தெரியும் அண்ணி, எல்லாரும் செத்துப் போனவங்க மாதிரி இருக்கோம்" என்றாள். என் வீட்டுக்காரர் தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கிறவர், பகல் முழுக்க ட்யூப் லைட்டின் கீழே உட்கார்ந்திருப்பவர். அவர் செய்தித்தாள் படிக்க உட்கார்ந்தால், "அண்ணா, கொஞ்சம் வலது பக்கம் திரும்பு. மூக்கு நிழல் மேல் உதட்டுல விழுது, மீசை வெச்ச மாதிரி இருக்கு" என்பாள். மனுஷனும் திரும்பி உட்காருவார். நான் ஏதாவது திரும்பச் சொன்னால் மட்டும் காது கேட்காது.

போன வருடம் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள். பழைய காலத்துத் துப்பறியும் கதை. கோட்டுப் போட்ட ஆண்கள், மழை பெய்த தெரு, கொலை செய்த பெண். கதை பெரிதாக ஒன்றுமில்லை, வெளிச்சம்தான் கதை என்று சிலை சொன்னாள். அந்தப் படத்தின் கேமராமேனுக்கு ஸ்டூடியோவில் 'இருட்டு' என்று பெயர். மற்றவர்கள் விளக்கைப் போடு போடு என்பார்கள், அவர் அணை அணை என்பாராம். அறுபது வயதுக்காரர், குரல் உயர்த்தவே மாட்டாராம். குரல் எவ்வளவு தணிகிறதோ அவ்வளவு கோபம் என்று அர்த்தமாம்.

"வெளிச்சத்த யார் வேணாலும் போடலாம், எங்க நிறுத்தணும்னுதான் தெரியணும்னு இருட்டு சார் சொல்வாரு" என்று ஒரு சாயங்காலம் சாப்பிட உட்காரும் முன் சொன்னாள். எனக்குப் புரியவில்லை என்றேன். உடனே எழுந்து சமையலறை விளக்கை அணைத்தாள். டார்ச்சை எடுத்து மேஜை மேல் வைத்து, அதன் முன்னால் ஒரு கரண்டியைப் பிடித்தாள். சுவரில் என்னைவிடப் பெரிய கத்தி எழுந்து நின்றது. உண்மையாகவே எனக்குத் திக்கென்றது. கரண்டியை டார்ச்சிடமிருந்து தள்ளிச் சுவர்ப்பக்கம் கொண்டுபோனாள். கத்தி சுருங்கி மறுபடி கரண்டி ஆனது.

"பாத்தீங்களா? கரண்டி அதே கரண்டிதான். பயம் மட்டும் உங்களோடது. எல்லாத்தையும் காட்டிட்டா பாக்கறவங்களுக்கு என்ன வேல இருக்கு? பாதி முகத்த மறைச்சிட்டா, அந்தப் பாதிய நீங்களே போட்டுக்குவீங்க. நீங்க போட்டுக்கறதுதான் அதிக பயங்கரமா இருக்கும்."

"எம் பொண்டாட்டி முகம் முழுசாத் தெரிஞ்சாலே எனக்குப் பயமா இருக்கு" என்றார் இருட்டிலிருந்து என் வீட்டுக்காரர். கரண்டியைப் பிடுங்கி அவருக்கு ஒன்று வைத்தேன். ஆனால் அன்றிலிருந்து நான் நிழலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். கடை ஷட்டரைப் பாதி தூக்கும்போது தரையில் விழுகிற கோடு, பஸ் ஜன்னல் கம்பியின் நிழல் எதிர் சீட்டுக்காரரின் சட்டையில் ஏறி இறங்குவது, மாடிப்படியில் எனக்கு முன்னால் மடிந்து மடிந்து ஏறுகிற என் நிழல். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஒன்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்.

இனி என் தப்புக்கு வருகிறேன். அந்தப் படம் ஆரம்பித்துச் சில நாளில் சிலைக்குக் குதிகால் வலி வந்தது. காலையில் முதல் அடி வைக்கும்போது முகம் சுருங்கும். டாக்டர் குதிகாலில் எலும்பு வளர்ந்திருக்கிறது என்றார். நிற்காதீர்கள் என்றும் சொன்னார். நிற்பதே பிழைப்பாக இருப்பவளிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? ஸ்டூடியோவில் யாரிடமும் இவள் மூச்சுவிடவில்லை. அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. அந்த உயரத்தில் சின்னப் பெண்கள் நாலைந்து பேர் வாசலில் காத்திருக்கிறார்கள். கால் வலி என்று தெரிந்தால் அன்றைக்கே வேறு ஆளை நிறுத்துவார்கள், அப்படி வந்து நின்றவளைப் பிறகு மாற்றவும் மாட்டார்கள். இவளும் ஒரு பெண் மயங்கி விழுந்த இடத்தில்தானே வந்து நின்றாள்?

"எனக்கு அந்த இடம் போயிடுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன் அண்ணி?" என்று அவள் கட்டிலில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது. சோற்றுக்காகக் கேட்கவில்லை, எங்கள் வீட்டில் அதற்குக் குறைவில்லை. அந்த வெளிச்சத்துக்குள் நிற்காமல் இருக்க முடியாது என்பதைத்தான் சொன்னாள்.

மறுநாள் கடையிலிருந்து ஒரு ஜோடி குதிகால் மெத்தை எடுத்து வந்தேன். ரப்பரும் கம்பளியும் ஒட்டியது, கெட்டியானது, நாங்கள் வயதானவர்களுக்கு விற்பது. ஸ்டூடியோ கொடுத்திருந்த கறுப்பு ஷூவுக்குள் வைத்து விளிம்பில் பசை தடவி ஒட்டினேன். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

"ஒசரம் கூடுமே அண்ணி?" என்றாள்.

"அரை அங்குலம். எவனுக்குத் தெரியப் போகுது? எங்க கடையில அரை அங்குலத்துக்குக் கணக்கே கிடையாது."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை மட்டும் நான் மறக்கவே முடியாது. அவளும் வலியில் தலையாட்டிவிட்டாள். ஐந்து நாள் நன்றாக நின்றாள். அந்த ஐந்து நாளும் தூரத்திலிருந்து எடுத்த காட்சிகள், மழையும் தெருவும். ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை, டாக்டரால் முடியாததை நான் செய்துவிட்டேன் என்று.

ஆறாம் நாள் எனக்கு வார விடுமுறை. "இன்னிக்குத்தான் அண்ணி படத்துலயே பெரிய ஷாட்டு. வந்து பாருங்க, நான் சொல்லி வெச்சிருக்கேன்" என்று அழைத்துப் போனாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக நான் அந்த ஸ்டூடியோவுக்குள் போனேன்.

வெளியே வெயில் கொளுத்தும் காலை பத்து மணி. உள்ளே கதவை மூடியதும் நேரமே இல்லை. பெரிய கொட்டகை, நடுவில் மூன்று சுவர் மட்டும் வைத்த அறை, தரையெங்கும் ஒயர். ஒரு மரப் பெட்டியைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார்கள். பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, தும்மக் கூடாது. சிலை அறைக்குள் போய்த் தரையில் ஒட்டியிருந்த டேப் மேல் இரண்டு காலையும் வைத்தாள். வைத்தாளோ இல்லையோ, என் நாத்தனார் போய்விட்டாள், அங்கே வேறு யாரோ நின்றாள். மூச்சு விடுகிறாளா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

காட்சி இதுதான். கொலை செய்துவிட்ட பெண் இருட்டறையில் ஒளிந்து நிற்கிறாள். பலகை வைத்த ஜன்னலில் ஒரே ஒரு இடுக்கு. அதன் வழியே தெரு விளக்கின் வெளிச்சம் ஒரு விரல் அகலத்துக்கு வந்து அவள் இரண்டு கண் மேல் மட்டும் விழ வேண்டும். நெற்றி இருட்டு, மூக்கு இருட்டு, வாய் இருட்டு. கண் மட்டும். ஆனால் அங்கே ஜன்னலும் இல்லை, தெருவும் இல்லை. உயரத்தில் ஒரு விளக்கு, அதன் முன்னால் இரண்டு கறுப்புப் பலகை, நடுவே கொஞ்சம் இடைவெளி. அவ்வளவுதான். அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டவர் ஏணி உச்சியில் உட்கார்ந்திருந்த லைட்மேன். அவரையும் 'ஏணி' என்றுதான் கூப்பிட்டார்கள். சிலையோடு தினமும் டீ குடிக்கிற, அதிகம் பேசாத மனிதர்.

"ஒரு நூல் எறக்கு" என்பார் இருட்டு. ஏணி பலகையை இறக்குவார். "ஏத்து." ஏற்றுவார். "அந்த ஓரம் மழுங்கலா இருக்கு, கத்தி வெச்சு வெட்டின மாதிரி வேணும்." பலகை விளக்கைவிட்டு இன்னும் தள்ளிப் போகும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இப்படியே நடந்தது. கடைசியில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் வைத்தபோது, இருட்டுக்குள்ளிருந்து என் சிலையின் இரண்டு கண்கள் மட்டும் என்னைப் பார்த்தன. தினமும் எனக்குக் காப்பி போட்டுக் கொடுக்கிறவளின் கண்கள். நான் பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டேன். இதையா நான் சும்மா நிற்பது என்று சொல்லிக்கொண்டிருந்தேன் என்று வெட்கமாக இருந்தது.

"ஆச்சும்மா, நீ போ" என்றார் இருட்டு. சிலை நகர்ந்தாள். நாயகி வந்து டேப் மேல் நின்றார். நல்ல அழகி, தன்மையானவர், போகிறபோது சிலையின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். விளக்குகள் அணைந்தன. அந்த ஒரு விளக்கு மட்டும் எரிந்தது.

வெளிச்சம் நாயகியின் புருவத்தில் விழுந்தது. இரண்டு புருவமும் பளிச்சென்று தெரிந்தன, கண் இருட்டுக்குள் போய்விட்டது. பயங்கரமாக இருக்க வேண்டிய காட்சி, யாரோ இரண்டு கம்பளிப் புழுவை விளக்கு போட்டுக் காட்டியதுபோல இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. இருட்டு மெதுவாகக் கேட்டார், "லைட்ட யாரு தொட்டது?"

"யாரும் தொடல சார்" என்றார் ஏணி மேலிருந்து.

"அப்ப அது தானா ஏறிப் போச்சா?"

"நான் கைய எடுக்கவே இல்ல சார்."

"நாலு மணிக்கு அந்தம்மா கெளம்பிடுவாங்க. மறுபடி மொதல்லேர்ந்து வெச்சா இன்னிக்கு ஷாட் கெடையாது." இருட்டின் குரல் இன்னும் தணிந்தது. பெட்டியில் உட்கார்ந்திருந்த எனக்கே கூர்ந்து கேட்க வேண்டியிருந்தது. "கீழ எறங்கு. இந்தப் படத்துல இனிமே நீ மேல ஏற வேண்டாம்."

ஏணி ஒவ்வொரு படியாக இறங்க ஆரம்பித்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. அரை அங்குலம். கடையில் கணக்கே இல்லாத அரை அங்குலம், இங்கே ஒரு மனுஷனுடைய வேலையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் சிலையைப் பார்த்தேன். சுவரோரமாக டீ கிளாஸோடு நின்றிருந்தாள். அவளும் என்னைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்திருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் தலையை ஆட்டினேன். 'வேண்டாம், வாயைத் திறக்காதே' என்று. ஏணிக்கு வேறு படம் கிடைக்கும், உனக்கு இந்த இடம் போனால் திரும்பக் கிடைக்காது என்றுதான் அந்த நேரத்தில் என் புத்தி போயிற்று. நல்ல புத்தி என்று சொல்லிக்கொள்ள முடியாது.

அவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஒரு ஷூவைக் கழற்றினாள், விரலை உள்ளே விட்டு நான் ஒட்டிய மெத்தையைப் பிய்த்தாள். பசை நன்றாகப் பிடித்திருந்தது, சர்ரென்று சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்டது. அடுத்த ஷூவிலும் பிய்த்தாள். எழுந்து வெறுங்காலோடு நொண்டிக்கொண்டே போய் இரண்டையும் இருட்டின் முன்னால் நீட்டினாள்.

"லைட்டு நகரல சார். நான்தான் வளந்துட்டேன்."

இருட்டு அதை வாங்கி, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவால் அளந்தார். ஏணி பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டார்.

"எத்தன நாளா?"

"இன்னியோட ஆறு நாள் சார். குதிகால்ல எலும்பு வளந்துடுச்சு."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா வேற ஆள வெச்சிடுவீங்க."

"வெச்சிடுவேன்தான்" என்றார் இருட்டு.

அந்த ஒரு சொல்லில் எனக்கு இருபத்திரண்டு வருடமும் முடிந்துபோனது போலிருந்தது. எழுந்திருக்கக் கூடாது என்று சொன்னதையெல்லாம் மறந்து எழுந்துவிட்டேன். "சார், அது என் வேல. நான்தான் ஒட்டினேன். அவ வேண்டாம்னுதான் சொன்னா" என்று கத்தினேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது வேறு விஷயம்.

"நீங்க யாரும்மா?"

"செருப்புக் கட" என்றேன். பதற்றத்தில் அண்ணி என்று வாயில் வரவில்லை.

எங்கேயோ ஒருவர் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. பார்த்தால் நாயகி. டேப் மேல் நின்றபடியே கையை நீட்டினார். "அந்த மெத்தைய இங்க குடுங்க சார்" என்றார். வாங்கித் தன் ஷூ இரண்டிலும் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். "இப்ப பாருங்க."

விளக்குகள் அணைந்தன. இருட்டுக்குள் அவர் கண்கள் மட்டும் திறந்தன. முடி அளவு பிசகவில்லை.

"ஏறட்டுமா சார்?" என்றார் ஏணி பாதிப் படியிலிருந்து.

"ஏறுய்யா. ஏறு" என்றார் இருட்டு. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் தனக்கு வந்த டீயைக் குடிக்காமல் மேலே கொடுத்தனுப்பினார். ஏணி அதை ஒரு கையில் வைத்துக்கொண்டே மறு கையால் பலகையைப் பிடித்திருந்தார். ஷாட் ஒரே தடவையில் முடிந்தது.

நாலு மணிக்கு நாயகி கிளம்பினார், என் மெத்தையோடு. காலுக்கு இதமாக இருக்கிறதாம். அதன் பிறகு ஒரே ஒரு ஷாட் பாக்கி இருந்தது. கொலை செய்தவள் நீண்ட வராந்தாவில் நடந்து போகிறாள். அவள் தெரிய மாட்டாள், சுவரில் நிழல் மட்டும் போகும். நிழல் மட்டும் வேண்டிய இடத்தில் நாயகியைக் காக்க வைப்பதில்லை, விளக்குக்கு நிற்பவளையே நடக்கவிட்டு எடுத்துவிடுவது அங்கே வழக்கமாம். சிலை பத்துப் படத்தில் கையாகவும் முதுகாகவும் போயிருக்கிறாள். நடந்து போகிற நிழலாகப் போனது அதுதான் முதல் தடவை.

நாயகியின் கோட்டை மாட்டிக்கொண்டு நடந்தாள். காலை முழுக்க நின்ற கால். மெத்தை இல்லை. இடது காலை வைக்கும்போது சுவரில் அந்தப் பெரிய நிழல் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து, பிறகு நிமிர்ந்தது.

"நேரா நடம்மா."

மறுபடி நடந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. நிழல் மறுபடி சாய்ந்தது. மூன்றாவது தடவை கண்ணில் தண்ணீர் நிற்க நடந்தாள். எனக்குத் தாங்கவில்லை. இன்றோடு இவள் கதை முடிந்தது, முடித்து வைத்தவள் நான் என்று நினைத்துக்கொண்டேன்.

இருட்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "விடுங்க. கொல பண்ணிட்டுப் போறவ அப்படித்தான் நடப்பா" என்றார். "இன்னொரு தடவ நட. மறைக்காம, வலிக்கற மாதிரியே நட."

அவள் நடந்தாள். அந்த நிழல் வராந்தாவைக் கடந்து போவதற்குள் கொட்டகையில் இருந்த ஒருவரும் நகரவில்லை. பாவம் செய்த ஒருத்தி தன் பாவத்தையும் இழுத்துக்கொண்டு போவதுபோல இருந்தது. நான் அழுதேன். கொலைகாரிக்காக அழுதேனா நாத்தனாருக்காக அழுதேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கிளம்பும்போது சிலை ஷூக்களைத் துடைத்துப் பெட்டியில் வைத்து இருட்டிடம் நீட்டினாள். திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் மரியாதை என்று நினைத்திருப்பாள். அவர் வாங்கவில்லை.

"இத எதுக்கு என்கிட்ட குடுக்கற? நாளைக்கு எட்டு மணிக்கு வா. நெழலு நொண்டுதுன்னா அந்தம்மாவும் இனிமே நொண்டணும். நீதான் நடக்கச் சொல்லிக் குடுக்கணும்." கொஞ்ச தூரம் போனவர் திரும்பினார். "இனிமே லைட்டு வெக்கறப்ப மட்டும் நில்லு. நடுவுல உக்காரு. சேர் போடச் சொல்றேன். ஆறு நாளா ஒரு வார்த்த சொல்லாம நின்னிருக்க, நான் என்ன பேயா?" இந்தக் கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் சத்தமாகவே கேட்டார். குரல் ஏறினால் அவருக்குக் கோபம் இல்லை என்பது அப்போது எனக்கும் தெரிந்திருந்தது.

பஸ் ஏறி உட்கார்ந்தோம். சாயங்கால வெயில் ஜன்னல் கம்பி வழியே அவள் மடியில் கோடு கோடாக விழுந்தது. பாதி வழியில் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். "செருப்புக் கடையாம்!" என்றாள். எங்கள் நிறுத்தம் வரும்வரை இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்தப் பெரிய நாயகி என் நாத்தனார் முன்னால் வந்து நின்று, "அக்கா, எந்தக் கால மொதல்ல வெக்கணும்?" என்று கேட்டாராம். அரை மணி நேரம் இருவரும் வராந்தாவில் மேலும் கீழும் நடந்தார்களாம். இவள் முன்னால், நாயகி பின்னால். இருபத்திரண்டு வருடம் எந்தெந்த நாயகியின் உயரத்துக்கோ ஷூ மாற்றி மாற்றி நின்றவளின் நடையை அன்று ஒரு நாயகி கற்றுக்கொண்டார். அன்று வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது சிலையின் முகத்தில் இருந்த வெளிச்சத்தை யாரும் வைத்துக் கொடுக்கவில்லை.

படம் வெளியானபோது மதியக் காட்சிக்குப் போனோம். நான், என் வீட்டுக்காரர், நடுவில் சிலை, அவளுக்கு அந்தப் பக்கம் ஏணி. அவரை யார் கூப்பிட்டது என்று நான் கேட்கவில்லை, எனக்கும் கண் இருக்கிறது. திரையில் அந்த இரண்டு கண்கள் வந்தபோது தியேட்டரே மூச்சை இழுத்தது. "எங்க கட மெத்தை" என்று என் வீட்டுக்காரர் காதில் சொன்னேன். பிறகு வராந்தா வந்தது. ஆளே இல்லாத சுவர். ஒரு ஓரத்திலிருந்து நிழல் நுழைந்தது. ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து, நிமிர்ந்து, சாய்ந்து, எங்களையெல்லாம் கடந்து போயிற்று. என் வீட்டுக்காரர் கூட்டத்தை மறந்து, "நம்ம வீட்டுப் பொண்ணுடி!" என்று கத்திவிட்டார். முன்வரிசையில் நாலு பேர் திரும்பி முறைத்தார்கள். அதோடு விட்டாரா, தங்கையின் சொந்தப் பெயரைச் சொல்லி அவள் தலையைத் தடவினார். எத்தனையோ வருடம் கழித்து அந்தப் பெயரை அன்றுதான் கேட்டேன்.

கடைசிக் காட்சியில் நாயகி போலீஸ்காரரை நோக்கி நடந்து வருகிறார். நன்றாகத்தான் நொண்டினார். ஆனால் வலது காலில் நொண்டினார். நிழலுக்கு இடது கால் வலி, ஆளுக்கு வலது கால் வலி! தியேட்டரில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பாத்தியா சிலை, உன் சிஷ்யை கால மாத்திட்டா" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. திரையிலிருந்து வந்த வெளிச்சம் அவள் முகத்தில் ஒரு பாதியில் விழுந்திருந்தது.

"பாவம் அண்ணி" என்றாள். "அவங்களுக்கு வலிக்கல இல்ல, எந்தக் காலுன்னு எப்படி ஞாபகம் இருக்கும்?"